அப்பா இல்லாத செபமாலை

செவ்வாய், இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று எங்கள் வீட்டில் செபமாலை காணாமற்போனது. ஒளித்தவன் நான்தான்.

நாளை காலை அப்பாவுக்கு ஒப்பரேசன். அம்மாவும் ஆஸ்பத்திரியில் நிற்கிறார். அப்பா இல்லாத நாளில் செபத்தை மூத்தவன்தானே தொடங்க வேண்டும்? எங்களுக்குத் துணையாக வந்த சின்னம்மாவோ தங்கச்சி ஷர்மியைக் கூப்பிட்டார். "நீ பகிடி விட்டுச் சிரிப்பாய், பேசாம முழங்காலில இரு" என்றார் என்னிடம். எனக்குப் பற்றி எரிந்தது.

மாலையை ஒளித்துவிட்டு, எண்ண மணி இல்லாமல் ஒன்பது வயதுக்காரி தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைகளை விரித்தாள்.

"பத்து விரல் கிடக்குத்தானே, அண்ணா."

ஐம்பது 'அருள்நிறை மரியே'யையும் பிசகாமல் சொல்லி முடித்தாள். "அப்பாவை மாதா பார்ப்பா" என்று படுத்தவள், துறைமுகத்தில் கப்பல் ஊதியும் அசையவில்லை. அந்த நித்திரையைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பொறாமை. மற்றபடி எனக்கொரு பயமும் இல்லை. நான் ஆம்பிளை.

சரி, உண்மையை எழுதுகிறேன். சற்றுமுன் அவளை உலுப்பி எழுப்பினேன்.

"அப்பாவுக்காக இன்னொருக்காச் சொல்லடி."

"நீங்களும் சொன்னாத்தான்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மூன்றாவது மரியேயில் நான் அழுதுவிட்டேன். மிச்சத்தை அவள்தான் சொல்லி முடித்தாள்.