மூக்கில் கொஞ்சம் களிமண்

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து வந்து பெட்டிக்குள் வந்த வெள்ளை ரெஜிபோம் நுரை அட்டையில் ஒரு விமானத்தை வெட்டினேன். இறக்கை கிடையாது. தட்டை வயிறுள்ள ஒரு கட்டை, பின்னால் மீனுக்குப் போல இரண்டு செட்டை. மகள் மேரின் வேலை செய்யும் இடத்தில் கட்டுகிற விண்கலமும் இந்தச் சாதிதான். வீட்டுக்குப் பக்கத்து ஹவுகன்ஸ்டுவா மேட்டில் நின்று எறிந்தேன். மூக்கைத் தூக்கி, பின்பக்கமாய் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பால்கனியில் நின்ற அல்பிரட், பாண் ரொட்டியை ஏன் எறிகிறாய் என்று கேட்டான்.

மார்ச் 12
மனிசி மரியகொறற்றி செத்து எட்டு மாதம். அதே மாதம்தான் மேரின் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். "நல்லம், அப்பா" — அதுக்குப் பிறகு வரும் மெசேஜ் அவ்வளவுதான். அவள் போகேக்கை நான் சொன்னது அப்படி: "அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் பூசைகூட முடியேல்லை, உனக்கு ராக்கெட் பெரிசாப் போச்சு." ஒரு தகப்பன் சொல்லுற கதையே இது? வாய்க்கொழுப்பு.

மார்ச் 15
வாசித்தேன். அறுபதுகளில் அமெரிக்காவில் இந்த இறக்கையில்லாத விமானத்தை மரத்தில் செய்து, வறண்ட ஏரியில் காரில் கட்டி இழுத்துப் பார்த்தார்களாம். விண்வெளியிலிருந்து திரும்பும்போது மெல்லிய இறக்கை சூட்டுக்குத் தாங்காது. அதனால் உடம்பே தன்னைக் காற்றில் தாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் இல்லாமல் ஓடுபாதையில் இறங்கலாம் என்று இவை காட்டிய துணிவில்தான் பிறகு வந்த அமெரிக்க விண்ணோடமும் இறங்கியதாம்.
இதையெல்லாம் பதினாறு வயதில் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னவள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16
வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த நீலக் களிமண்ணை மூக்கில் அப்பினேன். பறந்தது. கார் தரிப்பிடம் தாண்டிப் பனிக்குள்ளை போய் இருந்தது. ஆருக்குச் சொல்ல?

மார்ச் 17
ஒரு விமானம் செய்தேன், விழுந்துகொண்டே இருக்கிறது, என்ன பிழை என்று மேரினுக்கு எழுதினேன். பொய்தான். பறக்கிறது என்றால் "நல்லம், அப்பா" என்பாள். கதை முடிந்துவிடும்.

மார்ச் 18
ஐந்து வரி பதில். மூக்கில் பாரம் வைக்கட்டாம். எப்படி விழுகிறது என்று வீடியோ அனுப்பட்டாம். ஸ்டோவ்னரில் ரயில் ஏறி, மூன்றாம் ஸ்டேசன் குரோருட் வருவதற்குள் நாலு தரம் வாசித்தேன்.

மார்ச் 19
களிமண்ணைப் பிடுங்கிவிட்டு எறிந்தேன். அழகாக விழுந்தது. படம் பிடித்த அல்பிரட், பறக்கிற சாமானை விழுத்த இந்தப் பாடா என்றான். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 21
பதில் இல்லை.

மார்ச் 22, சனி
போன் அடித்தாள். விமானத்தின் மூக்கில் களிமண்ணின் நீலக்கறை வீடியோவில் தெரிகிறதாம்.
"பறந்ததுதானே, அப்பா?"
"ஓம்."
பிறகு, எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
மேரினின் அறையில் கிடந்த ரெஜிபோம் தூளை மூன்று தரம் கூட்டினேன். கட்டில் விரித்தாயிற்று. பதினொன்று இருபதுக்கு விமான நிலையத்தில் இறங்குகிறாள்.