முள் எடுத்த கை

கிட்வாய் நகர்,
புது தில்லி.
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மகள் பிரபாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் காந்திமதி அருளால் இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் இருக்கிறோம். டப்ளினில் நீ மழையில் நனையாமல், சளி பிடிக்காமல், நேரத்துக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் இதென்ன காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், நான் வாயைத் திறந்தால் ஸ்பீக்கரைப் போடு என்கிறார். டைப் அடித்து அனுப்பினாலோ நீ ஒரு கட்டை விரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் பருப்புப்பொடி பார்சலோடு இதை அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும். எழுத்துக் கூட்டியாவது நீயே படி, வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, இதில் நம் வீட்டு அசிங்கம் இருக்கிறது.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. மேல் வீட்டு அச்சுதன், அப்பாவின் ஆபீஸ்காரர்தான், உனக்குத் தெரியுமே, அவரே காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறார். அந்த மனிதரைப் பற்றி இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது, பிறகு வருகிறேன். மிஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறதே தவிர உடம்பில் இருக்கிற சத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறதாம். அப்பாவின் கை பழைய சட்டையில் தனியாகத் தொங்கியது, வாட்சை இறுக்கிக் கட்டினாலும் முழங்கை வரை ஓடியது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்வதற்கென்றே ஒரு பஞ்சாபிப் பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். பருப்பு அளவாக, பன்னீர் அளவாக, கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு என்று நம் சாப்பாட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் அண்டே கி சஃபேதி, சிக்கன், மச்லி, அதாவது முட்டை வெள்ளை, கோழி, மீன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்கள் சைவம், பரம்பரையாகவே சைவம், வெங்காயப் பக்கோடாவைக்கூட அடுத்த கடை எண்ணெயில் போட்டால் சாப்பிட மாட்டோம் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆன்ட்டிஜி, அங்கிள் வெளியே இருந்து கறி சாப்பிடாவிட்டால் அவர் உடம்பு அவருடைய கறியையே தின்ன ஆரம்பிக்கும், இப்போதே ஆரம்பித்துவிட்டது, அப்புறம் மிஷினைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது என்றாள். இப்படியும் ஒரு பெண் வாயில் வருமா? வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. அப்பா பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குத்தான் நீ போனில் வாயை விட்டாய். இதெல்லாம் ஒரு விஷயமா அம்மா, நானே இங்கே சிக்கன் சாப்பிடுறேன், மீன் சாப்பிடுறேன், எனக்கு என்ன ஆச்சு என்றாய். என்ன ஆச்சா? எனக்கல்லவா ஆச்சு. அப்பா அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் அடுப்பை அணைக்க மறந்து பால் பொங்கி வழிந்தது. போன தடவை லீவில் வந்தபோது என் மடியில் தலை வைத்துப் படுத்தாயே, என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றாயே, அப்போதெல்லாம் இந்த வாயால்தானா என்று நினைத்து அந்தத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்து முடித்த பிறகு எனக்கே அது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது, ஆனாலும் இன்னொரு தடவை தேய்த்தேன். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோபத்தைவிட அருவருப்புத்தான் அதிகம், பெற்ற பெண் மேல் அப்படி ஓர் அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இருந்தாலும் அந்தப் பஞ்சாபிப் பெண் சொன்னது என்னை விடவில்லை. அப்பாவைக் குளிக்கவைக்கும்போது முதுகெலும்பைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு எந்தச் சைவத்தைப் பேசுவது? கடைசியில் நானே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். முருங்கைக்காய் வாங்கப் போகிற அதே மார்க்கெட்தான், மீன் சந்து வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேனே, அங்கேயே போய் நின்று முட்டை வாங்கினேன். கடைக்காரன் தேசியா, ஃபார்மா, அதாவது நாட்டு முட்டையா, பண்ணை முட்டையா என்று கேட்கிறான், எனக்கு என்ன தெரியும், எதில் நாற்றம் குறைவோ அதைக் கொடு என்றேன், பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். பையைக் கையில் தொங்கவிட மனசு வராமல் குடைக் கம்பியில் மாட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் பார்த்தவர்கள் பாம்பு பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சமையலறைக்குள் கொண்டுபோக மாட்டேன் என்று பால்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி. வெளியில் இந்த ஊர்ப் புகை கண்ணைக் கரிக்கிறது, சட்டியில் முட்டை வேகிற கவிச்சி. நீ வாங்கிக் கொடுத்தாயே காற்றைச் சுத்தம் செய்கிற மிஷின், பால்கனிக் கதவைத் திறந்ததும் அது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தியது. புகைக்குத்தான் கத்தியது என்று அப்பா சொன்னார், முட்டைக்குத்தான் என்பது என் கட்சி. தோலை உரித்தேன். வழவழவென்று, உயிர் இருக்கிற மாதிரி கையில் நழுவியது. சீ! கழுவும் தொட்டியில் ஓங்கரித்துவிட்டு வந்து, மிளகு தூவி அப்பா முன்னால் வைத்தேன்.

அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேண்டாம் மாலச்சுமி, இந்த வீட்ல வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டார். பிரபா, அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது. உயிரே போனாலும் வழுவாத மனிதர் என்று திருநெல்வேலிக்கு உன் சித்தியிடம் போன் போட்டுச் சொன்னேன், கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். முட்டையைத் தெரு நாய்க்குப் போட்டேன், அது ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. பெருமையெல்லாம் வெளியில் சொல்லத்தான், உள்ளுக்குள் இவர் இப்படியே கரைந்து போய்விடுவாரே என்ற பயம் எனக்கு அடங்கவே இல்லை.

அப்புறம்தான் சால்வை. டயாலிசிஸ் அறையில் ஏசி குளிரும் என்று ஒரு சால்வை கொடுத்து அனுப்புவேன், அதைத் துவைக்க எடுத்தால் கவிச்சி அடித்தது. என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும், பஸ்ஸில் முன் சீட்டுக்காரி டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிட்டிருப்பார் என்று முதலில் நினைத்தேன். அடுத்த முறை அப்பா வந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன், சோப்பு வாசனைக்கு அடியில் அதே நாற்றம் விரலில் இருந்தது. கையைப் பிடித்து முகர்ந்தேன். அப்பா கையை இழுக்கவில்லை. என்ன இது என்று கேட்டேன். அச்சுதன் வீட்டு மீன் என்றார், ஏதோ கத்திரிக்காய் என்கிற மாதிரி. டயாலிசிஸ் முடிந்ததும் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இரண்டு பேரும் சாப்பிடுகிறார்களாம், அச்சுதன் மனைவி தங்கம் உப்புக் குறைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்து விடுகிறாளாம், தீபாவளிக்கு முன்னாலிருந்தே நடக்கிறதாம். நான் முட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதும் இவர் வயிற்றில் மீன் இருந்திருக்கிறது! நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன், உனக்கு எழுத மாட்டேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார், எனக்கும் அது பிடிக்கலட்டி, மொத நாள் கார் கதவத் தொறந்து வாந்தி எடுத்தேன். ஆனா ஆஸ்பத்திரில அந்தப் புள்ள மீனுன்னு சொன்னப்பவே ஒன் மொகத்தப் பாத்தேன், நீ முட்டையக் கொண்டாந்து வச்சப்பவும் பாத்தேன். அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால திங்க முடியாது. எனக்கு உயிரும் வேணும், நீ என்னைய அசிங்கமாப் பாக்காம இருக்கவும் வேணும், அதான் கார்ல வச்சுத் தின்னேன். அறுபதை நெருங்குகிற மனிதர், உடம்புக்கு முடியாதவர், பொண்டாட்டிக்குப் பயந்து பார்க்கிங்கில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நீயும் அதற்குத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயா என்று அப்போதுதான் தோன்றியது.

மேல் வீட்டுக்குப் போய்த் தங்கத்திடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று போனேன். அவள் நாகர்கோவில்காரி, வாய்க்குப் பஞ்சமில்லை. அக்கா, ஒங்க மூஞ்சியப் பாத்தா செத்த மீனே எந்திச்சு ஓடிரும், பின்ன அண்ணன் எப்படித் திம்பாரு என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, சண்டை போட முடியவில்லை. கடைசியில் கார் வேண்டாம், வீட்டிலேயே சாப்பிடட்டும், நான் பார்க்காமல் இருந்துகொள்கிறேன் என்று முடிவானது. சமைப்பது அவள், தட்டு தனி, இடம் பால்கனி. அப்பா சாப்பிட, நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கில் துணியோடு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டே சாப்பிடுங்கள் என்றேன். ஆபீஸ் கதையெல்லாம் சொன்னார், பாதியில் பேச்சு நின்றது. பிறகு இருமல், அப்படி ஓர் இருமல். திரும்பிப் பார்த்தால் முகம் சிவந்து கண்ணில் தண்ணீர், முள் தொண்டையில் சிக்கிவிட்டது. மீனை உருளைக்கிழங்கு மாதிரி அப்படியே பிசைந்து வாயில் போட்டிருக்கிறார்! பிறந்ததிலிருந்து முள்ளோடு மீனைப் பார்த்திராத மனிதருக்கு முள் எடுக்கவா தெரியும்? காரில் இத்தனை நாளும் அச்சுதன்தான் முள் எடுத்துப் பிசைந்து கொடுத்திருக்கிறார், அதை இரண்டு பேரும் வெட்கப்பட்டு எங்களிடம் சொல்லவில்லை. நல்லவேளை, இருமலிலேயே முள் வெளியே வந்து விழுந்தது. நகத்தளவு முள், அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இப்போது முள் எடுப்பது நான்தான். படித்ததை இன்னொரு தடவை படித்துப் பார், உன் அம்மாதான். முதலில் கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு செய்தேன், உறைக்கு மேல் முள் தெரிவதில்லை, வெறும் விரலால் தடவினால்தான் தட்டுப்படுகிறது. தோல் ஒரு பக்கம் வருகிறது, கறுப்பாக ஏதோ ஒன்று ஒரு பக்கம் வருகிறது, விரல் இடுக்கில் பிசுபிசுக்கிறது. ஒவ்வொரு முறையும் குமட்டுகிறது, ஒரு நாள் பாதியில் எழுந்து ஓடினேன், வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து மீதியை எடுத்தேன். பழகிவிடும் அக்கா என்கிறாள் தங்கம். பழகவில்லை, பழகவும் வேண்டாம். நான் ஒரு நாளும் வாயில் வைக்க மாட்டேன், அது வேறு. அப்பா என் முகத்தைப் பார்க்கிறார், நான் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறேன், சுளித்துக்கொண்டே உருண்டை பிடித்துக் கொடுக்கிறேன், வாங்கிச் சாப்பிடுகிறார். போன வாரம் வாட்சை ஒரு துளை தளர்த்திக் கட்டினார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, விட்டுவிடு என்று கேட்கலாமா என்று ரொம்ப யோசித்தேன், கேட்கவில்லை. நன்றாக வெந்ததைச் சாப்பிடு, பாதி வெந்ததை வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிறார்கள் என்று நீயும் சாப்பிடாதே. மோர் குடி. தலைக்கு எண்ணெய் வை. பங்குனியில் லீவு கிடைத்தால் வா. வந்தால் என்னிடம் ஒளிக்காதே, வெளியே போய் யார் காரிலும் உட்கார்ந்து சாப்பிடாதே. பால்கனியில் இடம் இருக்கிறது, உனக்கும் முள் எடுத்துத் தருகிறேன். முகம் சுளிப்பேன், நீ அதைக் கண்டுகொள்ளாதே.

நெல்லையப்பரும் காந்திமதியும் உன்னோடு துணை இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருந்து எங்களைவிட நன்றாக வாழ வேண்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், பார்சலில் கடிதத்தைத் தனி உறையில் போட்டிருக்கிறேன், பருப்புப்பொடி மேல் படக்கூடாது என்றுதான். கையைப் புளி போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பா மணக்கவில்லை என்கிறார், அவர் இப்போது என்னிடம் அப்படித்தான் சொல்வார். நீ இந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உண்மையைச் சொல்.

உன் அம்மா,
மஹாலட்சுமி சிவகுமார்