குறுக்கே மாட்டிய அருவி

அக்கா, உங்கள் நினைவுக் கண்காட்சியின் அழைப்பிதழ் போன மாதம் லாட்ஜுக்குத் தபாலில் வந்தது. நான் மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் அண்ணாச்சி கொண்டுவந்து நீட்டினார். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினேன். வழவழப்பான அட்டை. ஒரு பக்கம் உங்கள் முகம். மறுபக்கம் நான் வரைந்த படம். அதைப் படுக்கவைத்து அச்சடித்திருந்தார்கள். கீழே ‘பொங்கும் கடல்’ என்று போட்டிருந்தது.

நீங்கள் இறந்துபோனது எனக்கு அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. அட்டையைத் திருப்பி என் படத்தை நிமிர்த்திப் பிடித்தேன். அப்போது வந்தது கோபம்தான். இன்றுவரை அது இறங்கவில்லை.

முதல் தடவை நீங்கள் குற்றாலத்துக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. சாரல் நேரம், லாட்ஜ் நிறைய ஆட்கள். அம்மாவும் நானும் விரிப்புத் துவைக்கிற வேலை. நீங்கள் மேல்மாடி அறையில் பத்து நாள் தங்கினீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் உங்கள் ஊர் என்றும், உங்கள் அப்பாவின் பழைய ஐஸ் கம்பெனியைச் சுத்தம் செய்து வருடத்துக்கு ஒரு முறை ஓவியக் கண்காட்சி நடத்துவதாகவும் அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மாவுக்கு அதில் ஐஸ் கம்பெனி மட்டும்தான் புரிந்தது.

ஒரு நாள் நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டீர்கள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலமும் அடுப்புக்கரியும்தான் என்னிடம் இருந்த வண்ணம். நான் தாளைத் துணிக்கடியில் ஒளித்தேன். நீங்கள் பிடுங்கவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “நான் பாக்கலாமா?” என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் என்னிடம் யாரும் அப்படி அனுமதி கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாம் வகுப்பில் டீச்சர் பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னதும், எனக்குக் குரல் வராமல் நின்றதும், வகுப்பு சிரித்ததும், மறுநாளிலிருந்து நான் போகாததும் அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. அம்மாவிடம் வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. அதை மறுக்க மாட்டேன்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் மெயின் அருவியில் தண்ணீர் வரம்புமீறி வந்தது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றியது. ஆள் இல்லாத அருவியை நான் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். நீளத் தாளில் மேலிருந்து கீழே நீலம், நடுவில் ஒரு கரிய குழி, அங்கிருந்து சீறி எழும்புகிற வெள்ளை. அதைத்தான் கண்காட்சிக்குக் கேட்டீர்கள். அம்மா என்னை முழங்கையால் இடித்து, “அக்கா கேக்காவல்லா, குடுட்டி. நம்ம வீட்ல எங்கன மாட்டப் போற?” என்றாள்.

“பின்னால பேர் எழுதிக் குடு பாப்பா” என்றீர்கள்.

என் பேரைக் கேட்டிருக்கிறீர்கள். நான் படத்தின் பேரைக் கேட்கிறீர்கள் என்று நினைத்து ‘பொங்குமாங்கடல்’ என்று எழுதினேன். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். மேலேயிருந்து வருகிற தண்ணீர் நேராகத் தரைக்கு வராது. பாதி உயரத்தில் பாறையில் ஒரு ஆழக் குழி இருக்கிறது. அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வரும். அதனால்தான் அடியில் நின்று மனிதர்கள் குளிக்க முடிகிறது. அந்தக் குழிக்குப் பேர் பொங்குமாங்கடல். பத்து நாளும் அதன் கீழே நின்று தலையை நனைத்தீர்கள். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்து அது என்ன என்று கேட்கவில்லை. என் பேரையும் அதன்பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் உங்களுக்குக் கடைசிவரை பாப்பாதான்.

தை மாதம் அம்மாவும் நானும் தென்காசியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் மாறி, உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம். நான் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் அதைச் சரியாகப் பார்க்க விடவில்லை நீங்கள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனீர்கள். ஐஸ் கம்பெனிச் சுவர் முழுக்க வெள்ளையடித்து, படங்களுக்கு மேல் விளக்குப் போட்டிருந்தது. நடுச்சுவரில் பெரிய சட்டத்துக்குள் என் படம். படுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: ‘கடலையே பார்த்திராத, பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுமி வரைந்த கடல்.’

உங்கள் சேலையைப் பிடித்து இழுத்து, “அக்கா, இது நிமிந்து நிக்கணும்” என்றேன்.

நீங்கள் குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “எப்படி மாட்டணும்னு எனக்குத் தெரியும் பாப்பா. நீ வரைஞ்சாச்சு. மிச்சம் என் வேலை.”

பிறகு மைக்கைப் பிடித்தீர்கள். வகுப்பில் எனக்குக் குரல் வராமல் போனதை, சிரித்த பிள்ளைகளை, ஒன்று விடாமல் அத்தனை பேருக்கும் சொன்னீர்கள். உங்கள் குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா அப்போதுதான் முதன்முதலாக அதைக் கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கூட்டம் படத்தைவிட அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தது. ஒரு சார் என் தலையில் கைவைத்து, “பாக்காமலே எப்படிம்மா வரைஞ்ச? கனவுல கண்டியா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அது என் தப்பு. ஆனால் அந்த இடத்தில் தலையாட்டுவதைத் தவிர வேறு எதையும் நீங்கள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அன்று உண்மையைச் சொன்னது ஒரே ஒரு ஆள். கூட்டத்தைப் பார்த்து, தலையில் மீன் கூடையோடு வாசலில் எட்டிப் பார்த்த ஒரு அம்மா.

“இது எந்தூருக் கடலு? கரையைக் காணோம், வானத்தைக் காணோம். அலை பக்கவாட்டுலருந்துல்லா வருது.”

“அக்கா, இது கலை” என்றீர்கள் நீங்கள்.

“கலையோ கொலையோ. இப்படிக் கடல் வந்தா நம்ம ஊரு மிஞ்சாது தாயி” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஓடிப்போய் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும்போல இருந்தது.

படத்தை அடுத்த சாரலுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னீர்கள். வந்தீர்கள், படம் வரவில்லை. கேட்கலாம் என்று விரிப்போடு உங்கள் அறை வாசலில் நின்றேன். நீங்கள் போனில் யாரிடமோ, “எங்க கேலரியோட முகமே அந்தப் படம்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். விரிப்பை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த சாரலுக்கு நீங்கள் வரவில்லை. உங்களுக்கு நோய் வந்திருந்தது எனக்குத் தெரியாது.

அழைப்பிதழ் வந்த இரண்டாம் நாள் உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி லாட்ஜுக்குப் போன் செய்தார். “அவ உன்னப் பத்திதான் சொல்லிட்டே இருப்பா. நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும் பாப்பா.” நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். “செத்த வீட்டுக்குப் போவாம இருக்கலாமாட்டி? ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவோம்” என்றாள்.

போன வாரம் போனோம். அதே நடுச்சுவர், அதே அட்டை. உங்கள் போட்டோவுக்கு மாலை. அண்ணாச்சி மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. சுவருக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றி நிமிர்த்தினேன். மாட்டுகிற கம்பியை நீளப் பக்கத்தில் கட்டியிருந்தீர்கள். நிமிர்த்தினால் ஆணியில் நிற்கவில்லை. அதனால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன பாப்பா செய்யுத?” என்றார் அண்ணாச்சி.

“இது கடல் இல்ல. அருவி.”

“சத்தமாச் சொல்லும்மா, கேக்கல” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

சத்தமாகவே சொன்னேன்: “இது அருவி. பொங்குமாங்கடல்னா எங்க ஊர்ல பாறைக்குழி. நான் பாத்துத்தான் வரைஞ்சேன். தினமும் பாக்கேன். அந்த அட்டையில இருக்கது பொய்.” பிறகு யாரும் கேட்காமலே என் பேரைச் சொன்னேன். “எம் பேரு செல்வராணி.”

யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி கிட்டே வந்து, மெதுவாக, “அவ போயி மூணு மாசங்கூட ஆகல. இன்னைக்கு ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டத்தைக் கீழே இறக்கவில்லை. “படத்தைத் தந்துருங்க அண்ணாச்சி” என்றேன். அவர் சுவரிலிருந்த அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, கொண்டுபோ என்பதுபோலக் கையை அசைத்தார்.

திருநெல்வேலியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, “செத்தவுகள ஏசலாமாட்டி?” என்று கேட்டாள். தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்ததும், “அன்னைக்கு வயித்துவலின்னுல்லா சொன்ன” என்றாள்.

ஏசத்தான் செய்கிறேன் அக்கா. என் பிறவியில் நான் ஏசிய முதல் ஆள் நீங்கள். அதுவும் நீங்கள் போன பிறகு. எனக்கு ஆறாதது அதுதான். உயிரோடு இருந்தபோது உங்கள் அறைக்கதவைத் தட்டி ஒரு சண்டை போட்டிருக்கலாம். நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள், அழுதிருப்பீர்கள், ஒருவேளை நிமிர்த்தி மாட்டியிருப்பீர்கள். எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் தெரியாது.

அந்தச் சண்டையைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். விரிப்புப் பிழியும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது. என் பங்கையும் பேசுகிறேன், உங்கள் பங்கையும் நானே பேசுகிறேன். உங்கள் குரல் எனக்கு நன்றாக வருகிறது. சில நாள் நீங்கள் சொல்கிற நியாயம் என் நியாயத்தை ஜெயித்துவிடுகிறது. அன்றைக்குத்தான் உங்கள்மேல் இன்னும் ஆத்திரமாக வருகிறது.