செயலாளர் அவர்களுக்கு, வீட்டிலிருந்து

நாமகிரிப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

மாநில ரக்பி சங்கச் செயலாளர் திரு. ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு, அவருடைய மனைவி சுகன்யா வணக்கத்துடன் எழுதுவது.

மாமா, நானும் நம் பையன் தர்ஷனும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், சுற்றிலும் அத்தனை பேர் இருக்கிறார்களே! போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிடுகிறார்கள், "லைன்ல இரு சுகன்யா" என்று போய்விடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

குச்சிக்கிழங்கு பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிவிட்டேன். கிணற்று மோட்டார் மறுபடி காயில் கருகி நின்றுவிட்டது. தர்ஷனுக்குக் காய்ச்சல் வந்து குணமாகிவிட்டது. நீங்கள் பதறுவீர்கள் என்று சொல்லவில்லை. பதறுவீர்களா என்றும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் செயலாளர் பதவிக்கு மனுக் கொடுக்கிறீர்களாமே? பக்கத்துத் தோட்டத்துச் சின்னராஜ் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெயித்தால் இன்னும் நான்கு வருடம் சென்னை. "இந்த ஒரு தடவைதான்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னது யார்? வயிறு எரிகிறது மாமா. இன்னொருத்தி என்றால் முடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். முட்டை மாதிரி இருக்கும் அந்தப் பந்தை நான் என்ன செய்ய?

நேற்று நேராக நம் ஊர் மைதானத்துக்கே போய்விட்டேன். நீங்கள் ஆரம்பித்துவைத்த பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஆளை இனிமேல் விட்டுவிடுங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

கேப்டன் நிலா மண்ணும் வியர்வையுமாக ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாங்க சென்னைக்கு ஆடப் போயித் தோத்துட்டு அழுதா சார் உங்க கதையத்தானுங்க சொல்லுவாரு. அவரு தோள் எலும்பு முறிஞ்சு ஆட்டத்தையே உட்டுட்டுப் படுத்திருந்தப்ப, கைக்கொழந்தையோட ஒத்தையில தோட்டத்தப் பாத்தீங்களாமா. நான் ஆடுன எந்த டீம்லயும் எங்க ஊட்டுக்காரி மாதிரி ஒரு ஆளு இல்லைம்பாருங்க" என்றாள். மற்ற பிள்ளைகளும் தலையாட்டின. எல்லாருக்கும் மனப்பாடம்!

அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைக்க வேண்டாம். பொறாமை, சுத்தப் பொறாமை. இத்தனை வருடம் சோறு போட்டவளுக்குக் கிடைக்காத பேச்சு, நேற்று வந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தோல்விக்கும் கிடைத்திருக்கிறது. எனக்கு "குழம்பு பரவாயில்ல" என்பதைத் தாண்டி என்ன கிடைத்தது?

நிலாவுக்குக் கல்யாணம் பேசியபோது நீங்கள் அவள் வீட்டுக்குப் போய் மன்றாடிக் காலேஜில் சேர்த்தீர்களாம். அதையும் அவளே சொன்னாள். அதற்குப் பிறகு நான் சொல்லப் போனதை எப்படிச் சொல்வது? அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மனுக் கொடுங்கள் மாமா. நல்லபடியாக ஜெயியுங்கள், நாமகிரித் தாயார் கூட இருப்பாள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நடை வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதை என் முகத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லிவிட்டுப் போங்கள். தர்ஷன் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள்
சுகன்யா