படுக்க முடியாத நீச்சல்காரர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் கைவலி குறைந்ததா?

போன வாரம் எங்கள் ஸ்கேன் அறையில் ஒரு வேடிக்கை. குளிர்ந்த ஏரியில் ஐந்து மணி நேரம் நீந்திய ஒருவர் இதய ஸ்கேனுக்கு வந்தார். "படுத்தா மூச்சு முட்டுதும்மா, உக்காந்தே எடுங்களேன்" என்றார். "அஞ்சு மணி நேரம் நீந்தினவருக்கு அஞ்சு நிமிஷம் படுக்க முடியாதா?" என்று கிண்டலடித்துப் படுக்க வைத்துவிட்டேன். இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தது. டாக்டர் ஓடி வந்து, "முதல்ல அவரை உக்கார வைம்மா" என்று சத்தம் போட்டார்.

குளிர்நீரில் கைகால்களின் ரத்தம் நெஞ்சுக்கு ஒதுங்கிவிடுகிறது. மணிக்கணக்கில் நீந்தும்போது இதயத்தின் வலப்பக்கம் உப்புகிறது. அழுத்தம் தாங்காமல் நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. அவருக்கு இரண்டே நாளில் வடிந்துவிட்டது.

எனக்குத்தான் அன்றிலிருந்து உங்கள் நினைவாகவே இருக்கிறது. ஒரு மாதமாக நீங்கள் நாற்காலியிலேயே தூங்குவதாக அம்மா சொன்னாள். "உங்கப்பாவுக்கு டிவியை விட மனசில்லடி" என்று சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன். நீங்கள் எந்த ஏரியிலும் நீந்தவில்லை, அப்பா. உங்கள் நுரையீரலிலும் நீர் கோத்திருந்தால், அது தானாக வடியாது.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இது கைக்கு வந்த அன்றே டாக்டரிடம் போங்கள். தனியாகப் போகாதீர்கள். ஸ்கேன் படத்தை எனக்கு அனுப்புங்கள். தினமும் பத்துப் பேரின் இதயத்தைப் பார்க்கிறேன். உங்களுடையதை வேறு யாரோதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்கேனுக்கு அடுத்தவர் வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்