தம்பிக்கு ஏன் கார்டு வேண்டாம்?

மார்ச் 3

தம்பி மறுபடியும் அதே பாட்டுதான் பாடுகிறான். போன வருஷம் கணினியின் பழைய சவுண்ட் கார்டு எரிந்துபோனதிலிருந்து டிவி தொடர்களுக்கான எங்கள் பின்னணி இசையெல்லாம் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. புதுக் கார்டு வாங்கலாம் என்கிறேன் நான். வேண்டாம், இதுவே போதும் என்கிறான் அவன். கார்டுக்குள் வயலினும் புல்லாங்குழலும் தயாராக உட்கார்ந்திருக்கும், கட்டையை அழுத்தினால் சட்டென்று ஒலிக்கும். சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு முடித்துத்தான் வாய் திறக்கும். கீபோர்டு வாசிக்கிறவள் நான். தாமதம் யாருக்கு உறுத்தும்?

"அதெல்லாம் பழகிடும்க்கா" என்கிறான். நான் எதற்குப் பழக வேண்டும்?

மார்ச் 5

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறான். வீட்டுக்குள் சிக்னல் இல்லையாம். நம்பிட்டேன்.

மார்ச் 8

கணினிக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர், "உங்க வேலைக்குக் கார்டுதாம்மா சரி. போன மாசமே தம்பிகிட்ட சொன்னேனே" என்றார். என்னிடம் அவன் மூச்சுகூட விடவில்லை.

தாமதத்தோடு மல்லுக்கட்டி, முடியாமல் நானாகவே எழுந்து போகட்டும் என்று பார்க்கிறானா? மவுஸைப் பிடித்து அவனே திரையில் சுரங்களை வரைந்துவிடலாம் — அக்கா எதற்கு? என்னைக் கழற்றிவிடப் போகிறான். சொந்தத் தம்பி!

மார்ச் 9

அவனோடு பேசவில்லை. காபி மட்டும் கொடுத்தேன், ஆறின காபி.

மார்ச் 11

கடைக்காரரிடம் ஒரு கார்டை இரவல் வாங்கி, அவன் வெளியே போன நேரமாகப் பார்த்து மாட்டினேன். தொட்டதும் ஒலி. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு முழு இசைத் துண்டை வாசித்துப் பதிந்து, அவன் கை படுவதற்கு முன் முதல் தடவையாக நானே போட்டுக் கேட்டேன்.

இடது கை தாளத்தோடு போகிறது. வலது கை ஒரு இம்மி பின்னால். கார்டில் கோளாறோ? இன்னொரு முறை வாசித்தேன். அப்படியேதான்.

போன வாரம் தொடர்க்காரர்களுக்கு அனுப்பிய துண்டைப் போட்டேன். அதில் வலது கை கச்சிதம். அப்படியானால் அது யார் வாசித்தது? போன வருஷம் விழுந்து உடைத்துக்கொண்ட மணிக்கட்டு இது. கட்டுப் பிரித்தபோதே சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 12

கேட்டேவிட்டேன். "நான் வாசிக்கிறத நீ திருத்துறியா?"

"கட்டு பிரிச்சதுலேருந்தேக்கா. ஒவ்வொரு சுரமா முன்னால இழுத்து வைப்பேன்."

"அப்ப கார்டு வேண்டாம்னது?"

"கார்டு வந்தா சாஃப்ட்வேர் மேல பழி போட முடியாதே. நீ கண்டுபிடிச்சிருவ."

மாடிப்படியில் பேசியது கை டாக்டரிடமாம். இந்தக் கை இனிமேல் இவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. யாருடா உன்னைக் கேட்டது? என் கை, எனக்குத் தெரிய வேண்டாமா? கத்தினேன், அழுதேன். அவனும் அழுதான். அவன் அழுததும் கோபம் வடிந்துவிட்டது, பயம்தான் மிச்சம்.

மார்ச் 20

கார்டையே வைத்துக்கொண்டோம். இன்றைய பதிவில் நான் இடது கை மட்டும். வலது கைப் பகுதியை அவன் வாசித்தபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"சரியா இருக்கு" என்றேன். சரியாகத்தான் இருந்தது.