கட்டிலை இழுத்து வந்த கதை

அன்பின் தாரணி,

நீரும் மாமியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மாமியின் இருமல் குறைந்ததா?

உம்முடைய விசா இந்த வருடமும் இல்லை என்றபின், மல்வேர்ன் வீட்டைவிட்டு ஒற்றை அறைக்கு மாறினேன். நமக்கென்று வாங்கிய பெரிய கட்டிலைச் சின்ன ட்ரெய்லரில் ஏற்றி, என் சிறிய காரில் கொழுவி இழுத்தேன். பாரமான பெட்டிகள் ட்ரெய்லரின் பின்பக்கம் இருந்ததால் நெடுஞ்சாலையில் அது நெளிந்து காரையும் உலுக்கியது.

"மச்சான், பிரேக்கை மிதிக்காதை! காஸ் பெடலிலையிருந்து காலை மெல்ல எடு!" என்று பக்கத்திலிருந்த நண்பன் ராகுலன் கத்தினான். எடுத்தேன், ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்திப் பெட்டிகளை முன்னுக்கு நகர்த்திக் கட்டினோம். பயப்படாதேயும், கீறல்கூட இல்லை.

கட்டில் புது அறைக்குள் அடங்கவில்லை. ராகுலனுக்கே கொடுத்துவிட்டேன். அங்கிருந்து யாராவது இங்கு வந்தால் அவர் கையில் ஒரு பாய் கொடுத்துவிடும். ஒருவர் படுக்கிற அளவு போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உம்முடைய,
சிவதாசன்